இங்கிட்டு என்றால் எந்தப் பக்கம்?

இந்த நாட்டில் உள்ளங்காலை யாருக்கும் காட்டக் கூடாது. தாய்லாந்துக்கு வந்து பள்ளியில் சேர்ந்த முதல் வாரம், ஆசிரியர் அறையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த விளையாட்டு ஆசிரியை எழுந்து வந்து, சிரித்த முகம் மாறாமல், என் முழங்காலைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கி வைத்துவிட்டுப் போனார். என் செருப்பின் அடிப்பாகம் தலைமை ஆசிரியையின் அறையைப் பார்த்தபடி இருந்ததாம். தலை உயர்ந்தது, கால் தாழ்ந்தது, காலை நீட்டி ஒருவரைக் காட்டினாலே அவமதிப்பு என்று பிறகு விளக்கினார். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊரிலிருந்து வந்த எனக்கு அதில் வியப்பு ஒன்றுமில்லை. வியப்பு அன்று சாயங்காலம் வந்தது. பள்ளி விட்டதும் அதே ஆசிரியை மைதானத்து ஓரத்தில் கட்டியிருந்த வலையை நோக்கி ஓடி, எகிறி, அந்தரத்தில் ஒரு புரளல் புரண்டு, எதிரே நின்ற மூத்த ஆசிரியரின் தலைக்கு மேலே காலை வீசி ஒரு பந்தை உதைத்தார். தலைக்கு மேல் கால் போன அந்த மனிதர் கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் கைதட்டினார்.

அந்த ஆசிரியையின் பெயர் ப்ளா. ப்ளா என்றால் மீன். இங்கே எல்லோருக்கும் வீட்டில் வைத்த செல்லப் பெயர்தான் வேலை பார்க்கும் இடத்திலும். ஆசிரியரை ‘க்ரூ’ என்பார்கள். நம்முடைய குருதான் கடல் தாண்டி வந்ததில் கொஞ்சம் நசுங்கியிருக்கிறார். ஆகவே அவர் க்ரூ ப்ளா, நான் க்ரூ மேரி. அவர் ஆடியது செபாக் தக்ரோ. வாலிபால் போல நடுவில் வலை, பக்கத்துக்கு மூன்று பேர். ஆனால் ஆட்டம் ஓடும்போது பந்தில் கை படக் கூடாது. கால், முட்டி, மார்பு, தலை எதுவும் படலாம். பந்தைப் பார்த்தால் இடியாப்பத்தை உருட்டி வைத்தது போல ஓட்டை ஓட்டையாக இருக்கும். ‘செபாக்’ என்றால் மலாய் மொழியில் உதை, ‘தக்ரோ’ என்றால் தாய்லாந்தின் தாய் மொழியில் பந்து. ஆட்டம் யாருடையது என்று இரண்டு நாட்டுக்காரர்களும் விட்டுக்கொடுக்காததால் பெயரைப் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று க்ரூ ப்ளா சொன்னார். பாகப்பிரிவினை நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

ஆவூரில் நான் படித்த காலத்தில் பி.டி. பீரியடு என்பது அட்டவணையில் மட்டும்தான் இருந்தது. மணி அடித்ததும் கணக்கு வாத்தியார் உள்ளே வந்து, போர்ஷன் முடியவில்லை என்று சாக்பீசை எடுத்துவிடுவார். பையன்கள் எப்படியாவது நழுவி மாதா கோயிலுக்குப் பின்னால் கால்பந்து ஆடுவார்கள். பெண்களுக்கு ஒரு ரப்பர் வளையம் தருவார்கள், அதையும் பாவாடை தடுக்காமல் நின்ற இடத்தில் நின்றே பிடிக்க வேண்டும். பிறகு திருச்சியில் நானே கணக்கு டீச்சர் ஆனேன், நானும் பி.டி. பீரியடைப் பிடுங்கினேன், அது தொழில் தர்மம் என்றே நம்பினேன். இங்கே வந்த இரண்டாம் மாதம் க்ரூ ப்ளா என் வகுப்பு வாசலில் வந்து நின்று, தக்ரோ போட்டி நெருங்குகிறது, உன் கணக்கு வகுப்பை எனக்குக் கொடு என்று கேட்டார். கணக்கு வகுப்பைக் கேட்கிற ஒரு விளையாட்டு ஆசிரியையை உலகம் கண்டதுண்டா? திகைப்பில் கொடுத்துவிட்டேன். பிள்ளைகள் என்னை அன்றைக்கு நேசித்தது போல அதற்கு முன்னும் பின்னும் நேசித்ததில்லை.

எங்கள் நகரத்துக்கு ஒரு பன்னாட்டு விளையாட்டுப் போட்டி வந்த கதை இது. நீச்சல், வில்வித்தை, குத்துச்சண்டை என்று என்னென்னவோ இருந்தன. ஆனால் ஊர் முழுக்கப் பேச்சு தக்ரோதான். இந்தியாவிலிருந்து பெண்கள் அணி வருகிறது, உதவிக்கு ஆள் வேண்டும் என்று பள்ளிக்குத் தகவல் வந்தது. தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, உனக்குப் ‘பாசா இந்தியா’ தெரியும்தானே, போ என்றார். நம் பாஷைதான் இங்கே பாசா. இந்தியா என்று ஒரு பாஷை கிடையாது, எனக்குத் தெரிந்தது தமிழும் ஆங்கிலமும்தான் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை தாய் மொழியில் சொல்லிப் பார்த்தேன். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு தோளில் தட்டிக்கொடுத்தார்.

விமான நிலையத்தில் குழப்பம் ஆரம்பித்தது. அணியில் பெரும்பாலும் மணிப்பூர்ப் பெண்கள். வரவேற்க வந்த ஊழியர்கள் அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு மடமடவென்று தாய் மொழியில் பேசினார்கள். அவர்கள் விழித்தார்கள். என் முகத்தைப் பார்த்தவர்களோ என் கழுத்தில் மாலையைப் போட்டு, பயணம் சுகமா என்று ஆங்கிலத்தில் விசாரித்து, என்னை வீராங்கனைகளின் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள். நாற்பதை நெருங்குகிற, படியேறினால் மூச்சு வாங்குகிற ஒருத்தியை எந்த ஆட்டத்துக்கு வந்தவள் என்று நினைத்தார்களோ தெரியவில்லை. விடுதியிலும் அதே கூத்து. அடையாள அட்டை கேட்டு என்னை நிறுத்தினார்கள், அணியின் தலைவி லின்தோயை உள்ளூர்க்காரி என்று அட்டை கேட்காமலே விட்டார்கள். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். டில்லியில் ரயில் ஏறும்போதெல்லாம் எந்த நாடு என்று என்னைக் கேட்பார்கள், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஊரில் யாரும் கேட்கவில்லை, அது வெளிநாடாகப் போய்விட்டது என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பேருந்தின் கடைசி இருக்கையில், விமானத்தில் வாந்தி எடுத்துத் துவண்டுபோய், முகத்தைத் துண்டால் மூடிப் படுத்திருந்த ஒருத்தியை நான் சரியாகக் கவனிக்கவில்லை. மறுநாள் பயிற்சியின்போது தண்ணீர்ப் போத்தல்களோடு உட்கார்ந்திருந்தேன். லின்தோய் வலைக்கு முதுகு காட்டி எகிறினாள். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“இங்கிட்டு!”

லின்தோய் அந்தரத்தில் இடுப்பைத் திருப்பி ஒரு மூலைக்கு அடித்தாள். அடுத்த பந்துக்கு “அங்கிட்டு” என்று கேட்டது. மற்ற மூலைக்கு அடித்தாள். என் கையிலிருந்த போத்தல் நழுவி உருண்டது. இந்த நாட்டுக்கு வந்த ஆறு வருடத்தில் வீட்டுக்கு வெளியே நான் கேட்காத சொல் அது. ஓடிப்போய்ப் பார்த்தால், களத்தின் பின்பகுதி வட்டத்தில், சர்வீஸ் போடும் இடத்தில், கறுப்பாக, நெட்டையாக, பின்னலை மடித்துக் கட்டியபடி ஒரு பெண் நின்றாள். முன்தினம் துண்டுக்குள் கிடந்தவள். கௌசல்யா என்று பெயர்.

“நீ எந்த ஊரும்மா?” என்றேன்.

“விராலிமலைங்க்கா. நீங்க?”

“ஆவூர்.”

கண்ணைக் கசக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். “மாதா கோயில் ஆவூரா? தேருக்கு எங்கப்பா வருசா வருசம் அங்கிட்டுதான் வெள்ளரிக்கா வண்டி போடுவாருக்கா.”

“நான் வாங்கித் தின்னுருக்கேன்” என்றேன். தின்றேனோ இல்லையோ, அந்த நிமிடத்தில் நிச்சயமாகத் தின்றிருந்தேன்.

விஷயம் இதுதான். வலைக்கு முதுகு காட்டி எகிறுகிறவளுக்கு எதிராளியின் களத்தில் எந்த மூலை காலி என்று தெரியாது. பின்னால் நிற்கிறவள் பார்த்துச் சொல்ல வேண்டும். லெஃப்ட், ரைட் என்றால் எதிரணிக்குப் புரிந்துவிடுகிறது. மணிப்பூரியில் சொல்லிப் பார்த்தார்கள், அதையும் யாரோ கற்றுவைத்திருந்தார்கள். கடைசியில் கௌசல்யாவின் பேச்சை எடுத்துக்கொண்டார்கள். மணிப்பூர்ப் பெண்கள் ‘இங்கிட்டு’ என்று சொல்வதைக் கேட்கவேண்டும், விராலிமலை பஸ் ஸ்டாண்டில் நிற்கிற உணர்வு வந்துவிடும்.

கௌசல்யாவுக்கு அந்தப் போட்டி பெரிய விஷயம். “மெடல் வந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலைக்குப் போட்டுப் பாக்கலாம்க்கா. இல்லன்னா, வெளையாண்டது போதும்னு எங்காத்தா சொல்லிருச்சு” என்றாள். அவள் அம்மா இதுவரை அவள் ஆடி ஒருமுறையும் பார்த்ததில்லை. மகள் கால்பந்து ஆடுவதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு காரியம் செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆட்டத்தின்போது என் போனில் அவருக்கு வீடியோ கால் போட்டுக் காட்டுவது.

குழுவின் கடைசி ஆட்டம் தாய்லாந்தோடு. ஜெயிக்க வேண்டியதில்லை, ஒரே ஒரு செட் எடுத்தால் அரையிறுதி, அரையிறுதிக்குப் போனாலே வெண்கலம். கேட்க எளிது. ஆனால் அது, மொத்தமும் தோற்றுப் போ, ஒரு மாடு மட்டும் அணைந்து காட்டு என்று புதிதாக வாடிவாசலுக்கு வந்தவனிடம் சொல்வதைப் போன்றது. அரங்கம் நிரம்பியிருந்தது. தாய்லாந்து அணியின் முன்னணி வீராங்கனை க்ரூ ப்ளாவின் பழைய மாணவி. ஆகவே பள்ளியே திரண்டு வந்திருந்தது, நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற பிள்ளைகள் உட்பட. எனக்குத் தன்னார்வலர் சட்டை. தன்னார்வலர் எந்தப் பக்கத்துக்கும் கைதட்டக் கூடாது என்று காலையிலேயே எங்கள் மேற்பார்வையாளர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

முதல் செட் ஒரு மழை போல வந்து நம் கையைவிட்டுப் போய்விட்டது. போனில் கௌசல்யாவின் அம்மா, “பொம்பளப் புள்ள இம்புட்டு ஒசரம் காலத் தூக்குதே, இடுப்பு என்னத்துக்காகும்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டாம் செட்டில் என்னவோ நடந்தது. கௌசல்யாவின் சர்வீஸ் வலையை உரசிக்கொண்டு இறங்க ஆரம்பித்தது. “இங்கிட்டு” என்றாள், லின்தோய் அடித்தாள், காலி மூலையில் பந்து விழுந்தது. “அங்கிட்டு” என்றாள், அதுவும் விழுந்தது. எண்ணிக்கை சமமாகவே ஏறிக்கொண்டு போனது. அரங்கத்தின் சத்தம் குறைந்து ஒரு முணுமுணுப்பாக மாறியது. தாய்லாந்து அணி இடைவேளை கேட்டது. அந்தச் சின்ன அவகாசத்தில் பார்வையாளர் படிகளில் தடதடவென்று இறங்கி க்ரூ ப்ளா என்னிடம் ஓடி வந்தார்.

க்ரூ மேரி, அந்தப் பெண் கத்துகிறாளே, ‘இங்கித்து’, அப்படியென்றால் என்ன என்று கேட்டார்.

என் காலை இறக்கி வைத்து எனக்கு இந்த நாட்டைச் சொல்லிக்கொடுத்தவர். எனக்கு டெங்கு வந்தபோது கஞ்சி வைத்துக் கொண்டுவந்தவர். அவரிடம் பொய் சொல்ல எனக்கு நா எழவில்லை. விராலிமலைக்காரியைக் காட்டிக்கொடுக்கவும் மனமில்லை. கடைசியில் உண்மையையே சொன்னேன்.

“தீ நீ” என்றேன். தாய் மொழியில் ‘இங்கே’ என்று பொருள்.

அங்கித்து?

“தீ நன்” என்றேன். ‘அங்கே.’

க்ரூ ப்ளா கண்ணை இடுக்கினார். இங்கே என்றால் எங்கே, இடதா வலதா என்றார். அது சொல்கிறவள் நிற்கிற இடத்தைப் பொறுத்தது, அவள் எந்தப் பக்கம் நிற்கிறாளோ அதுதான் இங்கே என்றேன். அதுவும் சத்தியமான உண்மை. சர்வீஸ் போட்டதும் கௌசல்யா வட்டத்தை விட்டு வந்து ஒவ்வொரு பந்துக்கும் இடம் மாறிக்கொண்டே இருந்தாள். க்ரூ ப்ளா போய்த் தாய்லாந்துப் பயிற்சியாளரின் காதில் சொன்னார். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார். க்ரூ ப்ளா அங்கிருந்தே என்னைத் திரும்பிப் பார்த்து, கோபப்படப் பார்த்து, முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார்.

பதினைந்தில் முடிய வேண்டிய செட் பதினேழு வரை இழுத்தது. கடைசிப் பந்து வலைக்கு மேலே எழும்பி நின்றபோது லின்தோயும் எழும்பினாள். கௌசல்யா “அங்கிட்டு” என்று கத்தினாள். எனக்கே தெரியாமல் நானும் கத்தியிருக்கிறேன். பந்து கோட்டின் மேல் விழுந்தது. பிறகு நான் செய்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். குதித்தேனாம், மேற்பார்வையாளரின் தோளைப் பிடித்து உலுக்கினேனாம், அவரும் பயத்தில் என்னோடு சேர்ந்து குதித்தாராம். போனில் கௌசல்யாவின் அம்மாவுக்கு அரங்கத்துக் கூரையும் என் செருப்பும் மாறி மாறித் தெரிந்திருக்கின்றன. “என்னம்மா ஆச்சு, எம்புள்ள விழுந்துருச்சா?” என்று பதறிக்கொண்டிருந்தார்.

“ஜெயிச்சுருச்சு ஆத்தா” என்றேன். யாரோ ஒருவரின் அம்மாவை நான் ஆத்தா என்றது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் செட்டில் தோற்றோம். அரையிறுதியில் வியட்நாமிடம் அரை மணி நேரத்தில் தோற்றோம். ஒருவரும் வருத்தப்படவில்லை. வெண்கலம் அதற்கு முன்பே வந்துவிட்டதே.

தங்கம் தாய்லாந்துக்கு. பதக்கம் தருகிற அன்று நான் க்ரூ ப்ளாவோடு பார்வையாளர் வரிசையில் நின்றேன். கொடிகள் ஒன்றாக ஏறத் தொடங்கின, தாய்லாந்துக் கொடி நடுவில் உயரமாக, மூவர்ணம் ஓரத்தில் தாழ்வாக. ஜெயித்த நாட்டின் கீதம் மட்டும் ஒலித்தது. இந்தக் கீதம் எங்கள் பள்ளியில் தினமும் காலை எட்டு மணிக்கு ஒலிக்கும், பிள்ளைகளுக்கு முன்னால் நின்று நானும் ஆறு வருடமாகப் பாடிக்கொண்டிருக்கிறேன். ஆகவே இசை கேட்டதும் என் வாய் தானாகப் பாட ஆரம்பித்துவிட்டது, ஒரு சொல் பிசகாமல். கண் மட்டும் ஓரத்துக் கம்பத்தை விட்டு நகரவில்லை. பதக்க மேடையிலிருந்து கௌசல்யா என்னைப் பார்த்துவிட்டாள். லின்தோயின் விலாவில் இடித்து, அசைகிற என் உதட்டைக் காட்டினாள். இருவரும் சிரிப்பை அடக்க முடியாமல் பதக்க நாடாவைக் கடித்துக்கொண்டு குலுங்கினார்கள். எனக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் க்ரூ ப்ளா கண்ணீரோடு பாடிக்கொண்டிருந்தார். கீதத்தில் இன்னும் இரண்டு வரி பாக்கி இருந்தது. மூவர்ணத்தைப் பார்த்தபடியே அதையும் பாடி முடித்தேன்.