மழைக்கு முந்திய கவாத்து

பேச்சுவார்த்தைக் குழுவில் என்னைச் சேர்த்ததற்குக் காரணம் நான் பேசமாட்டேன் என்பதுதான். குழுவில் ஒரு பெண் கட்டாயம் இருக்க வேண்டும் என்று யூனியன் மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். காலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதிந்து மஸ்டர் போடும் இடத்தில் நின்று ஆண்கள் யோசித்தார்கள்.

“வாயாடியா ஒருத்தியப் போட்டா நம்மளப் பேச விடமாட்டா. எங்க பக்கத்து வீட்டுத் தங்கச்சியப் போடுங்க. அது இருக்கிற எடமே தெரியாது” என்றார் கிளைச் செயலாளர். அவர் எனக்கு அடுத்த வீடு. நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். அவர் அதைச் சொன்னபோது நான் அவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றிருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

குழுவில் இருப்பவர்களில் ஒருவராவது படித்திருக்க வேண்டும் என்று அடுத்த உத்தரவு வந்தது. தொழிலுறவும் கூட்டுப் பேரமும் என்று ஒரு கல்லூரி போனிலேயே நடத்துகிற சிறிய படிப்பு. பத்தாம் வகுப்பு பாஸானவர்கள் சேரலாம். ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில் வேலை பார்க்கிற மகள் வாங்கித் தந்த போன் என்னிடம் இருந்தது. வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. மேட்டில், கொழுந்து நிறுக்கிற ஷெட்டில்தான் கிடைக்கும். வேலை முடிந்ததும் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் போனைச் சாய்த்து வைத்து உட்காருவேன். என் முகம் தெரியாதபடி கேமராவை அணைத்துவிடுவேன். ஆசிரியை கோவிந்தாபுரம் பக்கத்துக்காரர், என்னைவிட இளையவர். திரையில் வருவது ஆங்கிலம். அதை அவர் தங்கள் ஊர்த் தமிழில் உடைத்து உடைத்துச் சொல்வார். பேரம் என்றால் சந்தையில் கத்திரிக்காய்க்குப் பேசுவது மாதிரிதான் என்று நினைத்திருந்தேன். இரண்டு பக்கத்தில் யாரால் எவ்வளவு நாள் காத்திருக்க முடியும் என்பதுதான் பேரம் என்று அவர் சொன்னார். அது எனக்குப் புரிந்தது. எங்களால் காத்திருக்க முடியாத ஒன்று அப்போது எங்கள் வீட்டிலேயே இருந்தது.

எங்கள் லயத்துக்குப் பின்னால் மலையை வெட்டி நிறுத்தியிருக்கிறார்கள். மண்ணுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகும் அளவுக்கு இடம். அதில் ஒரு கால்வாய் ஓடும். போன மழையில் மேல் லயத்தில் ஒரு வீட்டின் பின்சுவர் விழுந்தது. வீட்டுக்காரர்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்ததால் உயிர் பிழைத்தார்கள். எங்கள் பின்சுவரிலும் அந்த மழையில் ஒரு வெடிப்பு விட்டது. என் கணவருக்கு ஒரு பக்கம் கை கால் வராது. தேயிலை பேக்டரியில் வேலை பார்த்தவர், இப்போது கட்டிலோடு இருக்கிறார். ஒரே அறையில் ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் கட்டில். கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான்.

குருத்தோலை ஞாயிறன்று கோவிலிலிருந்து நான் கொண்டுவந்த ஓலையைச் சிலுவையாக மடித்துக் கொடுத்தேன். அவர் நல்ல கையால் அதை வெடிப்பில் செருகினார்.

“இனிமே ஆண்டவர் பிடிச்சிக்கிடுவார்” என்றார்.

“அவருக்கு வேற வேல இல்ல பாருங்க” என்றேன்.

சிலுவை இறுக்கமாக நின்றது. இழுத்தால்கூட வராது.

மழைக்கு முன்னால் லயத்துச் சுவரையும் கூரையையும் சரிசெய்து தர வேண்டும், இல்லாவிட்டால் கொழுந்து பறிக்கமாட்டோம். இதுதான் நாங்கள் ஆபீசில் எழுதிக் கொடுத்த கோரிக்கை. கோடை மழை விழுந்ததும் கொழுந்து பொங்கிக்கொண்டு வரும். அப்போது சில நாள் பறிக்காமல் விட்டால் இலை முற்றிப்போகும், பேக்டரிக்கு ஆகாது. “அந்த நேரம் பாத்து நம்ம கையக் கட்டிட்டு உக்காந்தா தொர ஓடி வருவாரு” என்று மேனேஜரைச் சொன்னார் அண்ணாச்சி. சரியான பேச்சுத்தான். ஆசிரியை நடத்திய பாடத்திலும் அதுதான் இருந்தது.

கோடை மழை விழுந்தது. ஆபீசிலிருந்து கவாத்து போடச் சொல்லி உத்தரவு வந்தது.

கவாத்து என்பது தேயிலைச் செடியின் தலையை வெட்டி வெறும் குச்சியாக நிறுத்துவது. சில வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நம்பருக்கும், அதாவது தோட்டத்தின் ஒவ்வொரு பகுதிக்கும், அது செய்தாக வேண்டும். வெட்டினால் மறுபடி கொழுந்து பார்க்க மாதக்கணக்கில் ஆகும். வெட்டிய கிளை எங்களுக்கு. அந்த விறகுக்கு இன்றுவரை எந்தத் துரையும் கணக்குக் கேட்டதில்லை. எங்கள் தோட்டத்தில் வழக்கமாக மழை முடிந்துதான் கவாத்து வரும். ஈர விறகை ஊதி ஊதிக் கண் எரியும். இந்தத் தடவை மழைக்கு முன்னால், நல்ல வெயிலில், காய்ந்த விறகு. ஆண்கள் வெட்ட வெட்டப் பெண்கள் கட்டினோம்.

“தொரைக்குப் புத்தி வந்துட்டு போல. ஈர வெறகுல அவரு பொண்டாட்டிக்கும் கண்ணு எரிஞ்சிருக்கும்” என்றாள் அண்ணாச்சியின் மனைவி.

“அவுக வீட்டுல கேசு அடுப்பு மதினி” என்றேன்.

“அப்பம் அவரு மனசுதான் எரிஞ்சிருக்கும், விடு.”

ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் விறகு ஏறியது. வீட்டுக்கு முன்னால் இடம் இல்லாததால் கால்வாய்மேல் குறுக்கே கட்டை போட்டு, சுவரில் சாய்த்து, கூரை விளிம்பு வரை அடுக்கினோம். சாயங்காலம் லயத்தைப் பார்த்தால் கல்யாண வீடு மாதிரி இருந்தது.

அந்த வாரத்தில் ஒரு வகுப்பு.

“இன்னைக்கு நாடகமுங்க. பாதிப் பேரு தொழிலாளிங்க, பாதிப் பேரு நிர்வாகம்” என்றார் ஆசிரியை. “அக்கா, நீங்க எப்பப் பாத்தாலும் பேசாம இருக்கறீங்க. நீங்கதான் இன்னைக்கு மேனேஜருங்க.”

“டீச்சர், வேற யாராவது...”

“அதெல்லாம் இல்லீங்க. அந்தப் பக்கத்துக்காரங்க நாளையிலிருந்து கொழுந்து எடுக்கமாட்டோம்னு சொல்லிப்போட்டாங்க. நீங்க என்ன பண்ணுவீங்க?”

தொழிலாளி வேஷத்தில் இருந்த ஒருவர் குறுக்கே வந்தார். “மேனேஜரம்மா பயந்துட்டாங்க. சுவரும் கட்டிக் குடுத்து, எல்லாருக்கும் பிரியாணியும் போட்டுருவாங்க.” போனுக்குள் சிரிப்புச் சத்தம்.

நான் எங்கள் மேனேஜரை நினைத்துக்கொண்டேன். கோபப்படாத மனிதர். ஜீப்பிலிருந்து இறங்கினால் முதலில் செடியைத்தான் பார்ப்பார், அப்புறம்தான் ஆளை. அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்தால் என்ன தோன்றும் என்று யோசித்தேன்.

“கொழுந்து முத்துனாத்தான நட்டம், டீச்சர். கொழுந்தே இல்லாமப் பண்ணிட்டா?”

“அதெப்படிங்க?”

“கவாத்துப் போடச் சொல்லுவேன். அவங்களையே விட்டு வெட்டச் சொல்லுவேன். வெறகு எடுத்துக்கிடுங்கன்னு சொன்னா சந்தோசமா வெட்டுவாங்க. பெறகு எப்ப வேணும்னாலும் வேலய நிறுத்தட்டும்.”

சிரிப்பு நின்றது.

“ஏனுங்க அக்கா,” ஆசிரியையின் குரல் இறங்கியிருந்தது. “இது நீங்களா யோசிச்சுச் சொல்றீங்களா, இல்ல உங்க தோட்டத்துல இப்ப நடக்குதுங்களா?”

நான் போனிலிருந்து தலையைத் தூக்கினேன். ஷெட்டுக்குக் கீழே ரோட்டில் பெண்கள் தலையில் விறகோடு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சியின் மனைவி என்னைப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

“ஏ மதினி! படிச்சது போதும், ஓடியா. நல்ல கட்டயெல்லாம் போயிரும்!”

அவளுக்குப் பின்னால் மலை தெரிந்தது. காலையில் பச்சையாக இருந்த சரிவு பழுப்பாக, குச்சி குச்சியாக நின்றது. அதற்கு மேலேயும் பழுப்பு. எத்தனை நம்பர் வெட்டியிருக்கிறோம் என்று அதுவரை நான் ஒரே இடத்தில் நின்று பார்த்ததில்லை.

அண்ணாச்சியிடம் சொன்னேன். இப்படிச் சொல்லப் போகிறேன் என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அவர் வீட்டுப் பின்னால் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். கையில் கட்டையோடு கேட்டார்.

“தொரைக்கு அம்புட்டு மூளயா, தங்கச்சி? செடிக்கு வருசம் ஆயிட்டு, வெட்டுதாங்க.”

“மழ முடிஞ்சுதான அண்ணாச்சி வெட்டுவாங்க? இப்பம் எதுக்கு?”

“அந்தப் படிப்பு உன்னய இப்படித்தான் ஆக்கும்” என்றாள் அவர் மனைவி. “சோத்துல கல்லு பொறுக்குத மாதிரி எல்லாத்துலயும் பொறுக்கச் சொல்லும். வெறகு குடுத்தாலும் குத்தமா?”

அண்ணாச்சி சிரிக்கவில்லை. கட்டையைக் கீழே வைத்துவிட்டு மலையைப் பார்த்தார். “பேக்டரிக்கு மேல உள்ள நம்பர் இன்னும் வெட்டல. அதுல கொழுந்து கெடக்கு. நமக்கு அது போதும். அதுல யாரும் கத்தி வைக்கக்கூடாதுன்னு நாளைக்கு மஸ்டர்ல சொல்லிடுதேன்.”

சொன்னார். யாரும் கத்தி வைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வெளியிலிருந்து காண்ட்ராக்ட் ஆட்கள் மெஷினோடு வந்தார்கள். இந்தி பேசுகிற ஆட்கள், யாரோ கைகாட்டிய இடத்தை வெட்டுகிறார்கள், அவர்களைச் சொல்லி என்ன? மெஷின் சத்தம் லயம் வரை கேட்டது. வெட்டிய கிளையை அவர்களே ரோட்டோரம் ஒதுக்கிப் போட்டார்கள். காலை முழுக்க அது அங்கேயே கிடந்தது. அதைத் தொடக்கூடாது என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை, ஆனாலும் யாரும் தொடவில்லை. மத்தியானம் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. ஒருத்தி கயிறோடு போனாள். பிறகு எல்லோரும் போனோம்.

அன்று வீட்டுக்கு வந்து கணவரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது என் தோள் சுவரில் பட்டது. ஓலைச் சிலுவை ஆடியது. விரலால் தொட்டேன். வெடிப்புக்குள் அது இங்கும் அங்கும் போய் வந்தது.

ஆபீசில் பேச்சுவார்த்தை நடந்தது. டீ வந்தது. மேனேஜர் எங்களை உட்காரச் சொல்லித்தான் பேசினார்.

“சுவர் காரியம் மேலே எழுதியிருக்கேன். மழை கழியட்டும், பார்க்கலாம்.”

“மழ கழிஞ்சா சுவரு இருக்காது சார். இல்லன்னா நாங்க வேலய நிறுத்திச் சமரத்துக்குப் போவோம்” என்றார் அண்ணாச்சி. அவர் குரலில் பழைய கனம் இல்லை.

“போகலாம், அது உங்க உரிமை. எந்தத் தேதின்னு மட்டும் சொன்னா, நான் அப்போ லீவுல ஊருக்குப் போவேன்.”

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தேதி கேட்டார். அவர் தலைக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னல் முழுக்கப் பழுப்புக் குச்சி.

அப்போது நான் பேசினேன். “சார், மழைக்கு மட்டும் எங்கள வேற எடத்துல வைங்க. பழைய உரக் கொட்டக சும்மாத்தான கெடக்கு.”

அறையில் எல்லோரும் திரும்பினார்கள். மேனேஜர் முதல்முறையாக என்னைப் பார்த்தார்.

“நல்ல யோசனை. அதையும் எழுதுறேன்” என்றார்.

வேலைநிறுத்தம் நடந்தது. ஆபீஸ் முன்னால் உட்கார்ந்து கோஷம் போட்டோம். எந்த ஜீப்பும் ஓடி வரவில்லை. பேக்டரி எங்களுக்கு முன்பே சத்தம் அடங்கிக் கிடந்தது. மேனேஜர் சொன்னபடி ஊருக்குப் போய்விட்டார். மிரட்டவாவது யாராவது வருவார்கள் என்று காத்திருந்தோம். கோஷம் போட்டவர்கள் களைத்து, பிறகு தாயம் ஆடி, பிறகு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அந்த வார வகுப்பில் ஆசிரியை என் பெயரைச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டார். காற்றில் சிக்னல் அறுந்து அறுந்து வந்தது. சரியாகக் கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

மழை ஒரு காலையில் ஆரம்பித்து நிற்கவே இல்லை. சாயங்காலம் அடுப்பு மூட்டப் பின்னால் போய் விறகு உருவினேன். கால் முட்டு வரை தண்ணீர். கால்வாய்மேல் அடுக்கியிருந்த விறகில் மேலிருந்து வந்த மண்ணும் சருகும் அடைத்து, தண்ணீர் ஓட வழியில்லாமல் நின்றது. சுவரின் கீழ்ப்பக்கம் மண் கரைந்து கல் தெரிந்தது. அது எங்கள் வீட்டுக்குப் பின்னால் மட்டும் இல்லை. லயம் நெடுக அப்படித்தான். சுவர் சரியில்லை என்று சண்டைபோட்ட நாங்களே சுவரில் அணை கட்டி வைத்திருந்தோம்.

கத்த வேண்டும் என்று தோன்றியது. எனக்குக் கத்திப் பழக்கமில்லை. கையில் கிடைத்த கட்டையை உருவி வாசல் பக்கம் எறிந்தேன். அடுத்ததையும் எறிந்தேன். அண்ணாச்சியின் மனைவி சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள்.

“மதினி, பைத்தியமா பிடிச்சிருக்கு? நனையுதுல்லா!”

நான் தண்ணீரைக் காட்டினேன். அவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். பிறகு அண்ணாச்சி மண்வெட்டியோடு வந்தார். அதற்கு அடுத்த வீடு, அதற்கும் அடுத்த வீடு. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கால்வாய் திறந்து தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியபோது இருட்டிவிட்டது. ஆனால் மலையிலிருந்து மண் இன்னும் வந்துகொண்டுதான் இருந்தது.

கட்டிலை வாசல் பக்கம் இழுத்துப் போட்டோம். விறகெல்லாம் வீட்டுக்குள். நனைந்த தேயிலைக் கட்டையின் வாசனை அறை முழுக்க இருந்தது. என் கணவர் சுற்றிலும் பார்த்தார்.

“கவாத்து நம்பருக்குள்ள கொண்டாந்து என்னயப் போட்டுட்டீங்களே” என்றார். அண்ணாச்சியின் மனைவி சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

அவர்கள் போன பிறகு, கட்டில் இருந்த இடத்தைத் துடைக்கக் குனிந்தேன். ஓலைச் சிலுவை தரையில் கிடந்தது. வெடிப்பு அகன்றிருந்தது; அதைப் பிடித்துக்கொள்ள இனி அங்கே எதுவும் இல்லை. எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

“சுவரு எப்படி இருக்கு?” என்று கேட்டார். படுத்த இடத்திலிருந்து அவருக்கு அந்தப் பக்கம் தெரியாது.

“இருக்கு” என்றேன்.