நீல ஷூவுக்குக் கைதட்டிய அம்மா

மகளுக்கு வாங்கிய ஷூ பெட்டியைத் திறந்ததும் சொல்யூஷன் வாசனை குப்பென்று வந்தது. டிவியில் ஈட்டி எறிதல் இறுதிப் போட்டி. நம்ம ஆள் ஓடி வந்து எறியப் போகிறான். எனக்கோ ஆம்பூர் ஞாபகம்.

அம்மா அங்கே ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷன். வேலை முடிந்து வந்தால் இந்தப் பசை வாசனைதான் முதலில் வீட்டுக்குள் நுழையும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒருநாள் பெண்கள் ஓட்டப்பந்தய இறுதிப் போட்டி. டிவி இருந்த சலீமா அக்கா வீட்டில் தெருவே கூடியிருந்தது. நம்ம நாட்டுப் பெண் மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தாள். மெடல் நிச்சயம் என்று தொண்டை கிழியக் கத்தினோம். எல்லாரையும்விட அம்மாதான் ஜாஸ்தி கத்தினாள். "வுடாத, ஓடு, ஓடு!"

கடைசிப் பத்தடியில் ஒரு வெள்ளைக்காரி நம்ம பெண்ணை முந்திவிட்டாள். வீடே அமைதியானது. அம்மா மட்டும் கை தட்டினாள்.

"இன்னாடி, பைத்தியமா உனக்கு?" என்றாள் சலீமா அக்கா.

"முந்துனவ கால்ல பாருக்கா. அந்த நீல ஷூ நான் தச்சது."

சலீமா அக்காவும் அதே கம்பெனிதான், சோல் ஒட்டுகிற வேலை. மறுபடி காட்டியபோது டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். "அட, ஆமா! நான் ஒட்டனது. பிரியவே இல்ல பாரு!" என்று அவளும் தட்டினாள். இரண்டு தேசத்துரோகிகளையும் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மகள் போட்ட கத்தலில் திரும்பினேன். தங்கம்! உடனே ஊருக்கு போன் போட்டேன். "அம்மா, ஜெயிச்சுட்டோம்! பாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன். கேமராக்காரன் மூஞ்சியவே காட்றான். அவன் கால்ல இன்னாடி போட்டுக்கினு இருந்தான்?"