கிடாய் ஏன் சிலிர்க்கவில்லை?

ஆட்டின்மேல் தண்ணீர் ஊற்றினால் அது ஏன் சிலிர்க்கிறது? ஆறாம் வகுப்பில் எனக்கு இதைவிடப் பெரிய கேள்வி உலகத்தில் இல்லை. வெண்ணந்தூர்ப் பக்கம் எங்கள் குலசாமி கோயிலில் கிடாய் வெட்டும் முன் அதன்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கிடாய் உடம்பை உதறிச் சிலிர்த்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலிர்க்காவிட்டால் கத்தியை எடுக்கக் கூடாது. அந்த வருடம் நேர்ந்து விட்டிருந்தது எங்கள் கறுப்பனை. தாய் ஆடு செத்துப்போக, பெரியப்பா புட்டிப்பால் கொடுத்து வளர்த்த கிடாய். நான் பள்ளிவிட்டு வந்தால் ஓடிவந்து பையை முட்டும்.

விடுவேனா? குடத்தோடு ஆட்டுப்பட்டிக்குள் நுழைந்தேன். ஓர் ஆட்டின் முதுகில் ஊற்றினேன், மென்றுகொண்டே நின்றது. ஃப்ரிட்ஜ் தண்ணீர் ஊற்றினேன், அப்போதும் மென்றது. காதில் நாலு சொட்டு விழுந்ததுதான் தாமதம், கொம்பிலிருந்து வால்வரை ஓர் உதறல்! வெந்நீர்? அதே உதறல். அடுத்த ஆடு, அதற்கடுத்த ஆடு, எல்லாம் அப்படியே. குளிர் இல்லை, காதுதான்! கண்டுபிடித்துவிட்டேன்!

"ஏஞ்சாமி, ஆட்டுக்கெல்லாம் சளி புடிக்கட்டும்னு பாக்கறயா?"

பட்டி வாசலில் பெரியப்பா. எவ்வளவு நேரமாக நின்றாரோ.

திருவிழாவன்று டெம்போவில் போகும்போதே கறுப்பனின் காதுகளில் பஞ்சை அடைத்து, மாலையை மேலே இழுத்துவிட்டேன். கோயிலில் தண்ணீர் ஊற்றியவர் பெரியப்பாதான். "கொம்புல முட்டிப்போடும்" என்று சொல்லி, கிடாயின் தலை முழுவதும் இடது கைக்குள் அடங்கும்படி வயிற்றோடு அணைத்துக்கொண்டார். ஒரு சொம்பு. இன்னொரு சொம்பு. நான் மூச்சே விடவில்லை. கறுப்பன் அசையாமல் நின்றது.

"ஏனுங்கண்ணா, கிடா குளிச்சே முடிச்சிருச்சு. சோப்பு கொண்டாரட்டுங்களா?" என்று அத்தை கேட்க, கூட்டமே சிரித்தது.

கடைசியில் பூசாரி கையை விரித்தார். "சாமிக்கு மனசில்லீங்க. ஊட்டுக்கு ஓட்டிட்டுப் போங்க."

அரைத்து வைத்த மசாலாவுக்கு பிராய்லர் கோழி வந்து சேர்ந்தது. என் கால்கள் தரையில் இல்லை. பாய்ந்து டெம்போவில் ஏறினேன். அங்கே, வண்டித் தளத்தில் சிந்தியிருந்த வைக்கோல்மேல் என் பஞ்சு உருண்டைகள் இரண்டும் கிடந்தன. துளி ஈரமில்லை. அப்படியென்றால் கோயிலுக்குள் போகும் முன்பே விழுந்துவிட்டன! காது திறந்தேதான் இருந்திருக்கிறது! எனக்குப் புல்லரித்தது.

"பெரியப்பா! நெசமாவே சாமிதான்! சாமியேதான் வேண்டாம்னு சொல்லீருக்குது!"

"ஆமாஞ்சாமி" என்றபடி அவர் வேட்டி முனையைப் பிழிந்தார்.

பஞ்சா, சாமியா என்று இரண்டை மட்டுமே நான் எடைபோட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது காரணம், தோள்வரை மஞ்சள் வழியும் இடது கையோடு என் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது.