பென்சில் தொட்ட கை

அறுபதுகளில் பம்பாய் மாட்டுங்காவில் ஒரு ஸ்டூடியோவில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் பெண்களைப் படம் எடுப்பதுதான் முக்கியப் பிழைப்பு. நெகட்டிவில் மெல்லப் பென்சில் ஓட்டினால் பிரிண்டில் அந்த இடம் வெளுத்துவிடும். கருவளையம், தழும்பு எல்லாம் போயே போச்சு. அந்தக் கைவேலையில் எனக்குத் திமிரே உண்டு.

ஒரு ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டிலும் வாரம் ஒருமுறை கூப்பிடுவார்கள். கட்டுப் பிரித்தால் நோயாளி துடிதுடித்துப் போவார். அதனால் பிரிக்கிற அன்றே நான் படமெடுத்துவிட வேண்டும். சனிக்கிழமை வரும் பெரிய டாக்டர் மறுபடி கட்டைப் பிரிக்காமல், படத்தைப் பார்த்தே காயத்தின் ஆழத்தைச் சொல்வார். ஆழமென்றால் தொடைத்தோல் எடுத்து ஒட்டுவார்கள். இல்லையென்றால் தானாக ஆறட்டும் என்று விடுவார்கள்.

தாராவியிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஸ்டவ் வெடித்து வலது கை வெந்திருந்தது. சட்டைகளுக்குப் பட்டன் காஜா தைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றிய கை. புறங்கையில் கரும்பழுப்பாக, செருப்புத்தோல் மாதிரி ஒரு திட்டு. அங்கே மட்டும் வலியே இல்லை என்றாள். பரவாயில்லையே என்று நினைத்தேன், மடையன்.

"அண்ணாச்சி, அசிங்கமா எடுத்துராதீய. எனக்கே பாக்கப் பயமா இருக்கு."

மனசு கேட்கவில்லை. அந்தத் திட்டின்மேல் பென்சிலை ஓட்டினேன். பிரிண்டைக் காட்டியபோது, இது என் கைதானா என்று சிரித்தாள். மேலோட்டமான காயம், ஆறிவிடும் என்று டாக்டர் எழுதினார். அடுத்த வாரப் படத்தில் வித்தியாசம் தெரியக்கூடாதே என்று அதற்கும் ஓட்டினேன்.

மூன்றாம் வாரம் கட்டுக்குள்ளிருந்து நாற்றம் வந்தது. டாக்டர் பிரித்துப் பார்த்துக் கத்தினார். வலிக்காத இடம்தான் அடிவரை வெந்த இடம், இதுகூடவா படத்தில் விழவில்லை என்று கேட்டார். வெளிச்சம் போதவில்லை என்று பொய் சொன்னேன். பிறகு தோல் ஒட்டினார்கள். அதற்குள் விரல்கள் பின்னுக்கு இழுத்துக்கொண்டு கொக்கியாகிவிட்டன. ஊசி பிடிக்க முடியாது.

அடுத்த வருஷம் அவள் ஸ்டூடியோவுக்கே வந்தாள். ஊருக்கு அனுப்ப ஒரு படம் வேண்டுமாம். கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவள் வெளியே எடுத்து மடியில் வைத்தாள்.

"கையும் தெரியட்டும் அண்ணாச்சி. அன்னைக்கு ஆஸ்பத்திரியில அழகா எடுத்த மாதிரியே எடுத்துருங்க. எங்கம்மா பாக்கணும்லா."

கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தேன். வெளியே வரவே எனக்குத் தைரியம் இல்லை.