பனியல்ல, சந்தனம்

"கேம்பஸ் வரைக்கும் போய்ட்டு வந்த புள்ள… ஒரு போட்டோ ஒழுங்கா எடுக்கத் தெரியல!"

போன வருடம் தேர்த் திருவிழாவுக்கு மறுநாள், என் போனை வாங்கிப் பார்த்துவிட்டுச் சித்தப்பா சொன்னது இது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்து கேம்பஸ் போன முதல் ஆள் நான். அதில் எனக்கு நிறையவே பெருமை உண்டு — மறைக்க மாட்டேன்.

ஆனால் படம் கலங்கித்தான் இருந்தது. தேர், சனம், அர்ச்சனைத் தட்டோடு நின்ற அக்கா மகள் ஹர்ஷினி… எல்லாமே பாலில் கரைந்த மாதிரி.

"நமுனுகுல மலைப் பனி அப்படி" என்று சமாளித்தேன். யார் மறுப்பார்கள்? எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் பனிதான் பொறுப்பு. பஸ் லேட்டா? பனி. துணி காயவில்லையா? பனி.

நான் அதை நம்பவும் செய்தேன். அந்தப் படங்கள் எனக்குப் பிடித்தும் இருந்தன. தேயிலை மலையும் வானமும் ஒன்றாகி, விளக்கெல்லாம் சின்னச் சின்ன நிலாவாகி… கனவைப் படம் பிடித்தால் அப்படித்தானே வரும்?

அக்காவுக்குத்தான் பிடிக்கவில்லை.

அக்கா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். ஹர்ஷினி தவழ்ந்துகொண்டிருந்தபோது போனவள். வீடியோ கால் போட்டால் எங்கள் மலையில் சிக்னல் முகத்தைத் துண்டு துண்டாக்கிவிடும். மகளைப் பார்க்க அவளுக்கு போட்டோதான் வழி. இந்த வருடத் தேருக்கு ஒரு வாரம் இருக்கும்போது வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"அவளுக்கு முன்பல்லு விழுந்துருச்சாமே… ஒரு படத்துலயும் தெரியலயே தங்கச்சி. இந்தத் தேருக்கும் இப்படித்தான்னா, இனிமே அனுப்பாத. பாக்கப் பாக்க எனக்கு என்னமோ பண்ணுது."

இனிமே அனுப்பாத… அந்த வார்த்தை மனதை விட்டுப் போகவே இல்லை.

மறுநாள் அடுப்படியில் அம்மாவை ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். அதிலும் பனி! வீட்டுக்குள் ஏது பனி? போனைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். லென்ஸ் மேல் மெல்லிசாய் ஒரு மஞ்சள் படலம்.

சந்தனம்.

வெள்ளிக்கிழமையானால் அம்மா வீட்டிலுள்ள சாமான்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைப்பார். அப்பா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்கு, தையல் மெஷினுக்கு, ரைஸ் குக்கருக்கு. அக்கா அனுப்பிய இந்த போனுக்கும் முதுகில் ஒரு பொட்டு. காய்ந்ததும் சேலைத் தலைப்பால் ஒரு துடைப்பு — லென்ஸையும் சேர்த்து!

"அம்மா, இங்கயா வப்பீங்க?"

"ஏன், கத்திக்கு வச்சா வெட்டலையா? போனுக்கு மட்டும் சாமி வேணாமா?"

"கத்தி பாக்க வேணாம்மா. இது பாக்கணும்."

"அப்ப எங்கதான் வைக்கிறதாம்?"

"கீழ, மூலைல வைங்க."

"பெரிய படிப்பு!" என்றார் அம்மா. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை பொட்டு கீழே இறங்கிவிட்டது.

லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தேன். பாதி மங்கல் போனது. மீதிப் பாதி? அது என்னுடையது. ஒரு கையால் எடுக்கிறேன், எட்ட நின்று ஸூம் பண்ணுகிறேன், பட்டனை அமுக்குகிற வேகத்தில் போனையே ஆட்டிவிடுகிறேன்… அந்த வாரம் முழுக்க ஹர்ஷினியைத் துரத்தித் துரத்திப் பழகினேன்.

இரண்டு கையாலும் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டால் நடுக்கம் பாதி குறைகிறது. ஸூம் பண்ணுவதற்குப் பதில் நாலடி நடந்து கிட்டே போகலாம். திரையில் முகத்தை ஒரு தடவை தொட்டால் ஃபோகஸ் அங்கே போய் உட்காரும். இருட்டான அறையில் படம் பதிய நேரமெடுக்கும் — அதற்குள் பிள்ளை அசைந்துவிடுவாள். வாசல் வெளிச்சத்துக்கு அழைத்து வந்தால் போதும்.

"ஆடாம நில்லுடி!"

"நான் என்ன கரண்ட் கம்பமா சித்தி?"

தேர் அன்று சாயங்காலம் எங்கள் லயத்துக்கு வந்தது. வாசலில் நிறைகுடம். நான் தூணில் சாய்ந்து நின்றேன். மேளம், கூட்டம், தள்ளுமுள்ளு… பனி வேறு இறங்கத் தொடங்கியது. ஹர்ஷினியின் கையில் தட்டு ஆடியது, தலை ஆடியது. எப்படி எடுப்பது?

அப்போது கற்பூரம் ஏற்றினார்கள். அவ்வளவுதான். கூப்பிய கைகளோடு அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். ஹர்ஷினியும் அண்ணாந்து, வாய் திறந்து, நின்றாள். மேளம் மட்டும் எங்கோ தூரத்தில் கேட்பது போல இருந்தது. மூச்சை மெதுவாக விட்டபடி அமுக்கினேன். மறுபடி அமுக்கினேன்.

மலை பனியில் கரைந்திருந்தது. முகம் மட்டும் தெளிவு. பல் விழுந்த இடைவெளிகூட.

சித்தப்பா போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "ஸ்டூடியோக்காரன் யாரும் வந்தானா?" என்றார். அதுவே போதும் எனக்கு.

அக்காவுக்கு அனுப்பினேன். உடனே கால். பல்லைப் பற்றிப் பேசுவாள் என்று நினைத்தேன்.

"புருவத்துக்கு மேல என்னடி அது… தழும்பு?"

மழைக்காலத்தில், மலைத்தண்ணீர் விழும் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போய் ஹர்ஷினி வழுக்கி விழுந்தாள். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் தையல் போட்டோம். "அவகிட்ட சொல்லாத. அங்க தனியா அழுதுகிட்டுக் கெடப்பா" என்றார் அம்மா. நாங்கள் யாரும் சொல்லவில்லை. கலங்கிய படங்களும் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள். கொஞ்சம் கழித்து, "படம் அனுப்புறத நிறுத்திறாத. இப்படியே அனுப்பு. எனக்கு எல்லாம் தெரியணும்" என்றாள்.

மங்கலான படத்தில் ஒரு வசதி இருக்கிறது, இல்லையா? யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

போனை வைத்துவிட்டு, அக்கா எனக்கு அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் ஃபில்டர் போட்டவை. பளிங்குக் கன்னம், பெரிய கண், ரோஸ் வெளிச்சம். விடிய எழும்பி ஒரு பெரிய வீட்டையே கழுவித் துடைக்கிறவளின் முகத்தில் ஒரு களைப்புகூடவா இருக்காது?

நேற்றே மெசேஜ் போட்டுவிட்டேன்: "அக்கா, ஃபில்டர் இல்லாம உன் மொகத்த ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. எங்களுக்கும் எல்லாம் தெரியணும்."

நீல டிக் விழுந்திருக்கிறது.