அக்காவுக்கு ஒரு பாட்டு

போன கிழமை என் மூத்த மகள் குசினியில் மீன்குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். கனடாவில் இருக்கும் இளையவள் கைத்தொலைபேசிக்குள் இருந்தபடி, "புளி காணாது, இன்னும் விடு" என்று அதிகாரம் பண்ணினாள். வாக்குவாதம் முற்றி, மூத்தவள் தொடர்பைத் துண்டித்தாள். குழம்பு கொதிக்கும் முன்னமே அடுத்த அழைப்பு வந்துவிட்டது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த எனக்கு, சகோதரிகளால் இவ்வளவு லேசாகக் கோபித்துக்கொள்ள முடிகிறதே என்றிருந்தது. அப்போதுதான் லெச்சுமியின் ஞாபகம் வந்தது. அவளை நினைத்தால் வெயிலில் காயும் செத்தல் மிளகாயின் மணமும் கூடவே வந்துவிடும்.

எழுபதுகளின் கடைசி அது. கலியாணம் முடித்த கையோடு யாழ்ப்பாணத்திலிருந்து விசுவமடுவுக்கு வந்திருந்தேன். குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த காணியில் என் கணவர் மிளகாய் போட்டிருந்தார். களையையும் மிளகாய்க் கன்றையும் ஒன்றாகப் பிடுங்கிய கெட்டிக்காரி நான். இரண்டாம் நாளே அவர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, லெச்சுமியை வேலைக்குக் கூப்பிட்டார்.

லெச்சுமி மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். இனக்கலவரத்தில் வரிசைக் குடியிருப்பான லயன் வீடு எரிந்துபோக, உடுத்த உடுப்போடு கணவன் முத்தையாவும் அவளுமாக லொறி ஏறி வன்னிக்கு வந்தவர்கள். எங்கள் காணிக்குப் பின்னால் காடு வெட்டிக் கொட்டில் போட்டிருந்தார்கள். வயது எனக்கும் அவளுக்கும் ஒன்றுதான். என்றாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

அவளுடைய தமிழ் எனக்குப் பிடிபடக் கொஞ்சக் காலம் எடுத்தது. ஒருநாள், "உங்க மாமியாரோட ரொம்ப நேரம் பேசிட்டு வாரேன்க்கா" என்று சிரித்தபடி வந்து நின்றாள். எங்கள் பக்கத்தில் பேசுவது என்றால் ஏசுவது. மாமியோடு சண்டை பிடித்துவிட்டு வந்து சிரிக்கிறாளே என்று மாமியிடம் ஓடினேன். பிறகு பார்த்தால், இருவரும் முருங்கைக்காயைப் பற்றிக் கதைத்திருக்கிறார்கள்.

என் அண்ணன் கலியாணப் பரிசாகத் தந்த ரேடியோதான் எங்கள் வீட்டு முதல் பிள்ளை. பற்றரி தளர்ந்தால் கழற்றி, பாயில் செத்தலோடு சேர்த்துக் காயப் போடுவோம். சூடேறினால் இன்னும் இரண்டொரு நாள் பாடும். மத்தியானத்தில் பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சி வரும். ஒலிபரப்புவது கொழும்பில், ஆனால் மதுரை, திருநெல்வேலி என்று தமிழ்நாட்டிலிருந்தெல்லாம் பெயர்கள் வரும். முன்பின் தெரியாத பிள்ளைகள் எத்தனையாம் வகுப்புப் படிக்கிறார்கள் என்பதுகூட எனக்குப் பாடமாக இருந்தது.

ஒருநாள் அறிவிப்பாளர் "கோத்தகிரி" என்றார். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த லெச்சுமி எழும்பி நின்றுவிட்டாள்.

"எங்க அக்கா அந்தப் பக்கந்தான் போறேன்னுச்சு."

அக்கா செல்லம்மா, கலவரத்துக்கு முந்திய வருஷம் இரண்டு அரசுகளும் செய்த ஒப்பந்தப்படி குடும்பத்தோடு கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவள். போய்ச் சேர்ந்ததும் விலாசம் எழுதுவதாகச் சொல்லியிருந்தாள். கடிதம் வந்திருந்தாலும் வாங்குவதற்கு அந்த லயனில் யார் இருந்தார்கள்? லெச்சுமி விசுவமடுவில் இருப்பது செல்லம்மாவுக்குத் தெரியாது. செல்லம்மா எந்த ஊரில் என்பது லெச்சுமிக்குத் தெரியாது.

"நம்ம பேரு குடுத்தா வாசிப்பாங்களாக்கா?"

"ஓம், ஏன் வாசிக்காயினம்? எழுதிப் போடுவம்."

வாழ்த்துவதற்கு ஒரு பிறந்தநாள் வேண்டுமே. செல்லம்மாவின் மகன் முருகேசு எப்போது பிறந்தான் என்று லெச்சுமிக்குச் சரியாகத் தெரியாது. "மழக்காலம்" என்றாள். நானாக ஒரு திகதியைப் போட்டு, கோத்தகிரிப் பக்கம் வாழும் முருகேசுவை விசுவமடுவிலிருந்து சித்தி லெச்சுமி வாழ்த்துவதாகத் தபாலட்டை எழுதினேன். வாசிக்கவில்லை. அடுத்த மாதமும் எழுதினேன். அந்த வருஷம் பாவம் முருகேசுவுக்கு மாதம் தவறாமல் பிறந்தநாள் வந்தது.

என் கணவர் சிரிப்பார். "நீலகிரியில எத்தினை செல்லம்மா இருப்பினம்? உனக்கு வேற வேலையில்லை."

ஒரு மத்தியானம், நான் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது முருகேசுவின் பெயர் வந்தது. லெச்சுமி தோட்டத்தில் நின்றாள். ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வரம்பு வழியே ஓடினேன். நான் போய்ச் சேர, வாழ்த்து முடிந்து பாட்டுத் தொடங்கிவிட்டது. வாய்க்கால் தண்ணீருக்குள் நின்றபடியே அவள் பாட்டைக் கடைசிவரை கேட்டாள். "என் பேரைச் சொன்னாங்களா? விசுவமடுன்னு சொன்னாங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். சோறு குழைந்து போயிற்று.

அன்றிலிருந்து அவள் மத்தியானச் சாப்பாட்டை எங்கள் முற்றத்துக்கே கொண்டுவந்துவிட்டாள். ரேடியோவைப் பார்த்தபடி சாப்பிடுவாள். வாரங்கள் போயின. மிளகாய் பழுத்து, ஆய்ந்து, பாயில் பரவியும் ஆயிற்று. நானே நம்பிக்கை விட்டிருந்தேன்.

அப்படி ஒரு நாள், முத்தையாவும் என் கணவரும்கூட இருந்த வேளையில், ரேடியோ கரகரத்தபடி சொன்னது: "விசுவமடுவில் வாழும் லெச்சுமியை, கோத்தகிரித் தோட்டத்திலிருந்து அக்கா செல்லம்மா, அத்தான் ராசையா, பிள்ளைகள் முருகேசு, குட்டி லெச்சுமி வாழ்த்துகிறார்கள்." தோட்டத்தின் பெயரையும் சொன்னார்கள்.

லெச்சுமிதான் முதலில் வாய் திறந்தாள்.

"குட்டி லெச்சுமியா? நான் செத்துட்டேன்னு நெனச்சு எம் பேர வச்சிருக்கு அக்கா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. "நான் உசுரோட இருக்கேனே, இப்ப அந்தப் புள்ளைக்கு வேற பேரு வைக்கணுமா?" என்று கண்ணைத் துடைத்தபடி கேட்டாள்.

"ரெண்டு லெச்சுமியும் இருக்கட்டும்டி" என்றான் முத்தையா.

என் கணவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது கையில் புதுப் பற்றரிகள்.

அதற்குப் பிறகு ஊரில் லெச்சுமிக்கு நடக்க நேரம் போதவில்லை. கடையில் நின்றவர்கள், வாய்க்காலில் குளித்தவர்கள், பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் எல்லாரும் மறித்து, "அக்கா எப்பிடி இருக்கிறாவாம்?" என்று கேட்டார்கள். யாழ்ப்பாணத்தார் என்றும் தோட்டக்காட்டார் என்றும் பிரித்துப் பார்த்து, அவளுக்குத் தங்கள் செம்பில் தண்ணீர் கொடுக்க யோசித்த வீடுகளும் எங்கள் தெருவில் இருந்தன. அந்த வீட்டுப் பெண்களும் வாசல் படலைக்கு வந்து விசாரித்தார்கள். அவர்கள் வீட்டு ரேடியோவிலும் அவள் பெயர் வந்ததல்லவா.

எண்பதுகளின் நடுவில் நிலைமை மோசமானபோது லெச்சுமியும் முத்தையாவும் மன்னாருக்குப் போய் இந்தியாவுக்கு வள்ளம் ஏறினார்கள். ஒரேயொரு கடிதம் வந்தது. அகதி முகாமுக்கு அக்கா வந்து கட்டிப்பிடித்து அழுததையும், குட்டி லெச்சுமி தன்னைவிடக் கறுப்பு என்பதையும் யாரையோ கொண்டு எழுதுவித்திருந்தாள். பதில் போட்டேன். பிறகு எங்களுக்கும் ஓட்டம்தான். ஓடிய ஓட்டத்தில் ரேடியோவும் போயிற்று, அவள் விலாசமும் போயிற்று.

யுத்தம் முடிந்து ஒருமுறை விசுவமடுவுக்குப் போனேன். வாய்க்கால் இருந்தது. பழைய ஆட்கள் ஒருவரும் இல்லை. லெச்சுமியின் கொட்டில் இருந்த இடத்தில் ஒரு கல்வீடு. வாசலில் நின்ற இளம்பெண்ணிடம், "இதிலதான் பிள்ளை முந்தி லெச்சுமி இருந்தவா" என்றேன்.

"எந்த லெச்சுமி?" என்று கேட்டாள்.

விசுவமடுவில் அப்படிக் கேட்க ஒருவரும் இல்லாத காலம் ஒன்று இருந்தது.