வேலிக்கு அந்தப் பக்கம் காய்த்த கொடித்தோடை

பூமியின் தென்பாதியில் இருக்கும் இந்த நாட்டில் சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகிறது. வென்ட்வேர்த்வில்லில் குடியேறிப் பல வருடங்களாகியும், காலைத் தேநீரோடு பின்கதவைத் திறக்கும்போது வெயில் விழும் இடம் எனக்குப் பிழையாகவே தெரியும். அரைத்தூக்கத்தில் வேறு யாருடைய முற்றத்திலோ நிற்பதுபோல இருக்கும்.

மனைவி வசந்திக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றி முடிந்திருந்தது. நோய் போனபோது நாக்கின் ருசியும் கூடவே போய்விட்டது. சோறும் கடதாசியும் அவளுக்கு ஒன்றுதான். கடையில் பேஷன் ஃப்ரூட் என்று விற்கும் கொடித்தோடம்பழம் வாங்கிக் கொடுத்தேன், அதுவும் தெரியவில்லை. கொடியிலேயே பழுத்து விழுந்தால் தெரியுமோ என்னவோ, நாங்களே நடுவோம் என்றாள்.

கொடித்தோடை வாங்கத்தான் நாற்றுக்கடைக்குப் போனோம், ஆனால் என் கண் புடலையிலும் பாகலிலும்தான். அவளுக்கோ தேன் குடிக்கும் குருவிகள் வரவேண்டும், சமைக்கும்போது குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கொடித்தோடை உங்களுக்கும் ஆகும், தேன் குடிக்கும் குருவிக்கும் ஆகும் என்றாள் கடைப்பெண். வடக்கு வெயில் படும்படி வைக்கச் சொன்னாள். இங்கேயும் வாஸ்து பார்க்கிறார்கள் என்று தமிழில் சிரித்தேன். யாழ்ப்பாணத்தில் வெயில் உச்சந்தலையில் விழும். எந்த வேலியில் விட்டாலும் கொடி காய்க்கும். ஜன்னலுக்கு நேரே இருந்த வேலியில் நட்டேன். வேலியின் எங்கள் பக்கம் தெற்கு பார்த்த நிழல் பக்கம்.

கொடி இலையாகவே வளர்ந்தது. அடுத்த கோடையிலும் ஒரு பூ இல்லை. வசந்தி ஜன்னலடிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். கொடியோடு சேர்த்துத் தன்னையும் கைவிட்டுவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் பக்கத்து வீட்டு கிரெக் எட்டிப் பார்த்து, உங்கள் கொடி என் பக்கம் வந்துவிட்டது, ஒருமுறை வந்து பாருங்கள் என்றார். வெட்டச் சொல்கிறார் என்று நினைத்து, மன்னிப்புக் கேட்டபடியே கத்தரிக்கோலோடு போனேன். அங்கே வேலி முழுக்க வெயில். வெயில் முழுக்கப் பூவும் காயும். வளைந்த அலகுள்ள சின்னக் குருவியொன்று பூவில் தொங்கிக்கொண்டிருந்தது. கிரெக் கத்தரிக்கோலைப் பார்த்துக் குழம்பிப்போனார். பிறகு பழுத்துச் சுருங்கிப் புல்லில் விழுந்து கிடந்த பழங்களைப் பொறுக்கி ஒரு பையில் போட்டு என் கையில் தந்தார்.

"யுவர் ஃப்ரூட், மேட்."

வசந்தி ஒன்றை வெட்டிக் கரண்டியால் வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள். முகம் கோணியது.

"புளிக்குதப்பா," என்றாள்.

நான் குசினியில் நின்றபடியே அழுதேன்.

இப்போது பின்னேரங்களில் கிரெக்கின் முற்றத்தில் கதிரை போட்டிருந்து எங்கள் கொடியைப் பார்க்கிறோம். தண்ணீர் ஊற்றத்தான் எங்கள் பக்கத்துக்கு வருகிறோம்.